பொருளின் ஆயுளும் மனையின் விலையும்
கட்டுமானப் பொருட்களின் வாழ்க்கைச் சுழற்சி: ஆஸ்டின் டவுனை முன்வைத்து ஓர் ஆய்வு

கட்டடத்துக்கு வாங்கும் பொருளை விலை, வலிமை, தோற்றம் ஆகிய மூன்றையும் கொண்டு மதிப்பிடுவதே நெடுங்கால வழக்கம். அந்தப் பொருள் எந்தக் குவாரியிலிருந்து வந்தது, எந்த உலையில் வெந்தது, எத்தனை ஆண்டு சுவரில் நின்றது, இடித்தபின் எங்கே போயிற்று என்ற கேள்விகளையும் சேர்த்துக் கேட்கும் முறைக்கு வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு என்று பெயர். இம்முறை கட்டடக் கலைக்குள் பிறந்ததன்று. 1969இல் அமெரிக்காவின் கோக்கோ கோலா நிறுவனம் தன் பானத்தை அடைக்கும் கலன்களில் எது குறைந்த மூலப்பொருளையும் ஆற்றலையும் தின்கிறது என்று அறிய மேற்கொண்ட ஆய்வே இதன் தொடக்கமாகப் பொதுவாகச் சுட்டப்படுகிறது. 1973இன் எண்ணெய் நெருக்கடி அந்தக் கணக்குக்கு அவசரத்தைக் கொடுத்தது; 1997இல் வெளிவந்த ஐஎஸ்ஓ 14040 என்னும் பன்னாட்டுத் தரநிலை அதற்கு இலக்கணம் வகுத்தது. குப்பிக்கும் டப்பாவுக்கும் போட்ட கணக்கைக் கட்டடத்துக்கு விரித்தபோது ஒரு சிக்கல் எழுந்தது. குப்பியின் ஆயுள் சில வாரங்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். வீட்டின் ஆயுள் எவ்வளவு என்பதை எவரும் உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. இவ்வுரை பெரும்பாலும் அந்த ஒரு சிக்கலைப் பற்றியதே.

கட்டடத்தின் வாழ்க்கையை இன்றைய தரநிலைகள் நான்கு கட்டங்களாகப் பிரிக்கின்றன. மூலப்பொருளைத் தோண்டி, ஆலைக்குக் கொணர்ந்து, பொருளாக ஆக்குவது முதற்கட்டம். அதை மனைக்கு ஏற்றிவந்து கட்டுவது இரண்டாவது. குடியிருக்கும் காலத்தின் மின்சாரம், தண்ணீர், பழுதுபார்ப்பு, மாற்றீடு அனைத்தும் மூன்றாவது. இடிப்பு, அகற்றல், கொட்டல் நான்காவது. இவற்றுக்கு அப்பால், கழற்றிய பொருள் இன்னொரு கட்டடத்துக்குப் போனால் அங்கே மிச்சமாகும் ஆற்றலைத் தனியே காட்டும் ஒரு பகுதியை 2011இன் ஐரோப்பியத் தரநிலை சேர்த்தது. முதல் இரு கட்டங்களிலும் பொருளுக்குள் செலவாகிப்போன ஆற்றலை உள்ளுறை ஆற்றல் என்றும், மூன்றாம் கட்டத்தில் குளிரூட்டலுக்கும் விளக்குக்கும் செலவாவதை இயக்க ஆற்றல் என்றும் அழைப்பது வழக்கம். மதிப்பீட்டில் இன்னொரு விதியும் உண்டு: இரு பொருட்களை ஒப்பிடும்போது கிலோவுக்குக் கிலோ என்று ஒப்பிடக்கூடாது, இரண்டும் ஒரே வேலையை ஒரே காலத்துக்குச் செய்யும் அளவுகளை எடுத்தே ஒப்பிட வேண்டும். ஒரு சதுர மீட்டர் கூரையை ஐம்பது ஆண்டுகளுக்கு மழை ஒழுகாமல் வைத்திருக்க ஓடு எவ்வளவு, கான்கிரீட் எவ்வளவு என்பதே சரியான கேள்வி.

இந்தியாவில் பசுமைக் கட்டடம் பற்றிய பேச்சு பெரிதும் இயக்க ஆற்றலைச் சுற்றியே நடந்துவந்திருக்கிறது. 2007இன் ஆற்றல் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பும், வீடுகளுக்கென 2018இல் வந்த எக்கோ நிவாஸ் சம்ஹிதாவும் சுவரும் கூரையும் சன்னலும் எவ்வளவு வெப்பத்தை உள்ளே விடுகின்றன என்பதை அளந்தன. அவை எதனால் ஆனவை, எவ்வளவு காலம் நிற்கும் என்பது அவற்றின் முதன்மைக் கவலையாக இருக்கவில்லை. நாள் முழுதும் குளிரூட்டி ஓடும் சென்னை அலுவலகத்துக்கோ தில்லி வணிக வளாகத்துக்கோ அந்த வரிசை பொருந்தும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில், ஆண்டின் பெரும்பகுதி மின்விசிறியோடு ஒப்பேற்றிவிடக்கூடிய பெங்களூருவின் நடுத்தர, எளிய வீடுகளுக்கு அது பொருந்தாது. இங்கே குடியிருக்கும்போது செலவாகும் ஆற்றல் குறைவு. ஆகவே கட்டும்போது செலவான ஆற்றலின் பங்கு தானாகவே பெரிதாகிறது. தட்பவெப்பம் கொடுத்த இந்தச் சலுகையைப் பெங்களூரு எப்படிச் செலவழிக்கிறது என்பதைப் பார்க்க, கண்ணாடி மாளிகைகள் நிறைந்த ஒயிட்ஃபீல்டை விட ஆஸ்டின் டவுன் போன்ற பழைய சிறுமனைக் குடியிருப்பே தக்க இடம்.

ரிச்மண்ட் டவுனுக்கும் நீலசந்திராவுக்கும் விவேக்நகருக்கும் இடையில் அமைந்த ஆஸ்டின் டவுன், 1949இல் பெங்களூரு மாநகராட்சியோடு இணையும்வரை தனி நிர்வாகத்தில் இருந்த கன்டோன்மென்ட் நகரத்தின் பகுதி. தமிழ் பேசுவோர் பல தலைமுறைகளாக வாழும் இடம். அரசு ஆவணங்களில் இதன் பெயர் எஃப். கிட்டல் நகர். 1894இல் வெளிவந்த கன்னட-ஆங்கில அகராதியைத் தொகுத்த ஜெர்மானியப் பாதிரியார் ஃபெர்டினாண்ட் கிட்டலின் நினைவாக வைத்த பெயர் அது. கிட்டல் 1853இல் இந்தியாவுக்கு வந்தது பாசல் மிஷன் என்னும் அமைப்பின் வழியாக. அதே பாசல் மிஷனைச் சேர்ந்த கியார்க் பிளெப்ஸ்ட் என்பவர் 1865இல் மங்களூருவில் நேத்ராவதி ஆற்றின் களிமண்ணைக் கொண்டு ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கினார். அகராதிக்கும் ஓட்டுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆயினும் ஒரே மிஷன் கன்னட மொழிக்கு ஓர் அகராதியையும், தென்னிந்தியக் கூரைகளுக்கு மங்களூர் ஓட்டையும் விட்டுச்சென்றது என்பதும், அகராதிக்காரரின் பெயர் தாங்கிய நகரின் பழைய வீடுகளுக்குக் கூரையாக அமைந்ததும் அந்த ஓடே என்பதும் கவனிக்கத்தக்கவை.

மங்களூர் ஓட்டின் சிறப்பு பெரும்பாலும் அதன் சிவப்பு நிறத்துக்காகவும் பழைமைக்காகவும் பேசப்படுகிறது. வாழ்க்கைச் சுழற்சியின் பார்வையில் அதன் சிறப்பு வேறிடத்தில் இருக்கிறது. ஓட்டின் ஓரங்களில் உள்ள பள்ளமும் மேடும் பக்கத்து ஓட்டோடு கோத்துக்கொள்கின்றன. பின்புறத்துக் காது ரீப்பரில் தொங்குகிறது. முகட்டு ஓட்டைத் தவிர வேறெங்கும் சாந்து தேவைப்படுவதில்லை. சாந்து இல்லாததால் ஓர் ஓடு உடைந்தால் அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம்; வீட்டையே கலைத்தாலும் ஓடுகளை இறக்கி அடுக்கி, வண்டியில் ஏற்றி, வேறொரு கூரையில் மீண்டும் பரப்பலாம். பின்புறத்தில் பாசல் மிஷன் முத்திரையும் 1865 என்ற ஆண்டும் பொறித்த ஓடுகள் இன்றும் பழைய சாமான் கடைகளில் விலைபோவதற்குக் காரணம் இதுதான். முதல் உலகப்போருக்குப் பின் மிஷனின் தொழிற்சாலைகள் அதன் கையை விட்டுப் போய், காமன்வெல்த் டிரஸ்ட் என்ற அமைப்பின் வசம் சேர்ந்தன. செய்த நிறுவனம் மறைந்து நூறாண்டு கடந்தும் சரக்கு கைமாறிக்கொண்டிருக்கிறது. ஐரோப்பியத் தரநிலை தனிப்பகுதி ஒதுக்கிக் கணக்கிடச் சொன்ன மறுபயன், இங்கே எந்தத் தரநிலையும் இல்லாமலேயே நடந்துவந்திருக்கிறது.

சுவரிலும் இதே நியாயம் உண்டு. கன்டோன்மென்டின் பழைய வீடுகள் பல சுண்ணாம்புச் சாந்தில் கட்டப்பட்டவை. சுண்ணாம்புச் சாந்து செங்கல்லை விட வலிமை குறைந்தது. சுவரில் அசைவு ஏற்பட்டால் சாந்து விரிசல் விடும், கல் தப்பிக்கும். இடிக்கும்போது சாந்து உதிர்ந்து செங்கல் முழுசாக வெளிவரும். சிமென்ட் அதிகமாகச் சேர்த்த இன்றைய கலவையோ கல்லை விட வலியது. சுத்தியல் விழும்போது உடைவது செங்கல்தான், இணைப்பு அன்று. அத்துடன் அந்தச் செங்கல்லின் வாழ்க்கை முடிந்து அது ஜல்லிக் குப்பையாகிறது. இந்த இடத்தில் மதிப்பீட்டாளர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஆக்கும் ஆற்றலை மட்டும் பார்த்தால் சுண்ணாம்புக்கும் சிமென்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை: பெங்களூரு ஆய்வாளர்கள் கண்ட அளவின்படி ஒரு கிலோ சிமென்டுக்கு 5.85 மெகாஜூல், ஒரு கிலோ சுண்ணாம்புக்கு 5.63 மெகாஜூல். முதற்கட்டத்தோடு கணக்கை நிறுத்திக்கொள்பவர் இரண்டும் ஒன்றே என்று எழுதிவிடுவார். சுண்ணாம்பு இறுகும்போது, சுடும்போது விட்ட கரியமில வாயுவில் ஒரு பகுதியைக் காற்றிலிருந்து திரும்ப வாங்கிக்கொள்கிறது என்பதும், அது பிடித்திருந்த கல்லை விடுவித்து அனுப்புகிறது என்பதும் பிந்தைய கட்டங்களில்தான் தெரியவரும்.

மேற்கண்ட எண்கள் எங்கிருந்து வந்தன என்பதைச் சொல்லாமல் இவ்வுரை மேலே செல்ல முடியாது. ஏனெனில் உள்ளுறை ஆற்றல் பற்றி இந்தியாவில் மிகுதியாக எடுத்தாளப்படும் கணக்குகளுள் ஒன்று ஆஸ்டின் டவுனிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் பிறந்தது. 1974இல் அமுல்யா ரெட்டியின் முயற்சியால் இந்திய அறிவியல் கழகத்தில் அஸ்த்ரா என்ற ஊரகத் தொழில்நுட்ப மையம் தோன்றியது. அங்கே கே.எஸ். ஜகதீஷும் பி.வி. வெங்கடராம ரெட்டியும் மண்ணைச் சுடாமல் கல்லாக்கும் வழியை வளர்த்தனர். செம்மண்ணோடு மணலும் 6 முதல் 8 விழுக்காடு சிமென்டும் கலந்து, சிறிது ஈரத்தோடு கைப்பொறியில் இட்டு அழுத்தி, பின் நீரூற்றிப் பதப்படுத்தினால் கிடைப்பது நிலைப்படுத்திய மண்கல். பெங்களூருவைச் சுற்றியுள்ள செம்மண் இதற்குத் தோதானது. நனைந்தால் உப்பிக் காய்ந்தால் வெடிக்கும் கரிசலுக்குச் சிமென்ட் மட்டும் போதாது, சுண்ணாம்பும் வேண்டும். இந்தக் கல்லுக்கான இந்தியத் தரநிலை, ஐஎஸ் 1725, 2013இல் திருத்தம் பெற்றது. வானூர் வட்டாரத்துச் செம்மண்ணில் ஆரோவில் மண் கட்டட நிறுவனம் செய்துவரும் வேலையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது.

ஜகதீஷும் வெங்கடராம ரெட்டியும் 2003இல் வெளியிட்ட கட்டுரையின் எண்கள் சிலவற்றை நிதானித்துப் பார்ப்பது பயன் தரும். ஒரு கன மீட்டர் செங்கல் சுவருக்கு 2,141 மெகாஜூல் உள்ளுறை ஆற்றல் செலவாக, 6 விழுக்காடு சிமென்ட் சேர்த்த மண்கல் சுவருக்கு 646 மெகாஜூலே செலவாகிறது. அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரு சதுர மீட்டர் கான்கிரீட் தளக் கூரைக்கு 730 மெகாஜூல், மங்களூர் ஓட்டுக் கூரைக்கு 227 மெகாஜூல். ஒரு யூனிட் மின்சாரம் 3.6 மெகாஜூல் என்பதைக் கொண்டு வாசகர் இந்த அளவுகளை மனத்தில் நிறுத்திக்கொள்ளலாம். முழுக் கட்டடத்துக்கு வரும்போது, தூணும் உத்தரமும் கான்கிரீட்டாகவும் இடைச்சுவர் செங்கல்லாகவும் அமைந்த எட்டு மாடித் தூண்கட்டுக் கட்டடம் சதுர மீட்டருக்கு 4.21 ஜிகாஜூல், அதாவது 4,210 மெகாஜூல் கொள்கிறது. சுவரே சுமை தாங்கும் இரண்டு மாடிச் செங்கல் வீடு 2.92, மண்கல் சுவரும், கான்கிரீட்டின் நடுவே பயனற்ற பகுதியை நிரப்பிகளால் குறைத்த தளமும் கொண்ட இரண்டு மாடி வீடு 1.61. நிரப்பித் தளம் என்னும் அந்த உத்தியைக் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பினார். வீணான மங்களூர் ஓடுகளே அவருக்கு விருப்பமான நிரப்பிகளாக இருந்தன. எஃகு கிலோவுக்கு 42 மெகாஜூல், அலுமினியம் ஏறத்தாழ 237 மெகாஜூல் என்ற எண்களையும் இங்கே சேர்த்தால், தூண்கட்டு வீடு ஏன் இவ்வளவு கொள்கிறது என்பது விளங்கும். அலுமினியத்தை உருக்கி மீண்டும் வார்க்க, தாதுவிலிருந்து எடுப்பதற்கான ஆற்றலில் ஏறத்தாழ 5 விழுக்காடே போதும்; ஆனால் அந்தச் சலுகை பழைய சன்னல் சட்டத்தைக் கழற்றிக் கொடுத்தால்தான் கிட்டும்.

போக்குவரத்தைப் பற்றி ஒரு சொல். தொலைவிலிருந்து வரும் பொருளெல்லாம் கெட்டது, அருகிலிருப்பதெல்லாம் நல்லது என்ற எளிய நம்பிக்கையை இதே கணக்கு சற்றுத் தளர்த்துகிறது. செங்கல் நூறு கிலோமீட்டர் பயணம் செய்தால் கன மீட்டருக்கு 200 மெகாஜூல் கூடுகிறது. அதைச் சுட ஆனதோ 2,550. பெங்களூருவுக்குக் கல் அனுப்பும் மாலூர்ச் சூளைகள் ஐம்பது கிலோமீட்டருக்குள்தான் இருக்கின்றன. அங்கே குறையை லாரியில் தேடுவதை விடச் சூளையின் வாயில் தேடுவதே முறை. மணலுக்கு நிலைமை நேர்மாறு. ஆற்று மணலை ஆக்குவதற்கு ஆற்றல் செலவே இல்லை, செலவெல்லாம் லாரியில்தான். ஆனால் ஆற்றுக்கு நேர்ந்த கேடு எந்த மெகாஜூலிலும் பதிவாவதில்லை. காவிரியும் பாலாறும் இழந்ததை ஆற்றல் கணக்கில் தேடுபவர் அங்கே பூஜ்யத்தையே காண்பார். இன்று எம்-சாண்ட் என்ற பெயரில் பாறையை அரைத்து மணலாக்குகிறார்கள். மின்சாரம் கூடுகிறது, ஆறு தப்புகிறது, குன்று குறைகிறது. வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு நீர், நிலம், நச்சு எனப் பல தலைப்புகளில் தனித்தனியே கணக்குப் பார்க்கச் சொல்வது இதற்காகவே. ஒற்றை எண்ணில் எல்லாவற்றையும் அடக்க முயலும் பசுமைச் சான்றிதழ்களை ஐயத்தோடு அணுக வேண்டியிருப்பதும் இதனால்தான்.

சிமென்டின் சிக்கல் வேதியியலில் இருக்கிறது. சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது, அது தூய்மையானதாக இருந்தால், நூறு கிலோவில் 44 கிலோ கரியமில வாயுவாக வெளியேறிவிடும். உலையைச் சூரிய ஆற்றலால் சுட்டாலும் அந்த 44 கிலோ போகத்தான் செய்யும். ஆகவே சிமென்டில் கிளிங்கர் எனப்படும் சுட்ட உருண்டையின் பங்கைக் குறைப்பதே வழி. அனல்மின் நிலையச் சாம்பலை 35 விழுக்காடுவரை கலக்கும் பொசோலானா சிமென்ட் இந்தியாவில் நெடுங்காலமாகப் புழங்குகிறது. சுட்ட களிமண்ணையும் சுடாத சுண்ணாம்புக்கல்லையும் சேர்க்கும் எல்சி3 வகைச் சிமென்டில் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்களோடு சென்னை, தில்லி ஐஐடிகளும் உழைத்தன. அதற்கான இந்தியத் தரநிலை 2023இல் வந்தது. சாம்பல் சிமென்டைப் பற்றி ஓர் ஐயத்தை மட்டும் இங்கே பதிந்துவைக்கலாம். நிலக்கரி எரிந்ததன் பாவம் முழுவதையும் மின்சாரத்தின் தலையில் ஏற்றிவிட்டுச் சாம்பலைக் குற்றமற்றதாகக் கணக்கில் சேர்ப்பது நடைமுறை. சாம்பல் குப்பையாகக் கிடந்தவரை அது நியாயம். விலை வைத்து விற்கப்படும் இன்று அது வெறும் வசதி.

இத்தனை எண்களும் ஒரு பின்னத்தின் தொகுதியைப் பற்றியவை. ஒரு வீட்டுக்கு ஆண்டொன்றுக்கு எவ்வளவு செலவு என்பதை அறிய, மொத்த ஆற்றலை அது நிற்கும் ஆண்டுகளால் வகுக்க வேண்டும். பகுதியில் எந்த எண்ணைப் போடுவது என்பதில்தான் மதிப்பீட்டாளர்கள் வழுக்குகிறார்கள். பெரும்பாலான ஆய்வுகள் 50 அல்லது 60 ஆண்டு என்று எடுத்துக்கொண்டு மேலே செல்கின்றன. சதுர மீட்டருக்கு 4.21 ஜிகாஜூல் கொண்ட தூண்கட்டு வீடு 60 ஆண்டு நின்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 70 மெகாஜூல். அதுவே 25 ஆண்டில் இடிபட்டால் 168. 1.61 ஜிகாஜூல் கொண்ட மண்கல் வீடு 50 ஆண்டு நின்றால் ஆண்டுக்கு 32 மெகாஜூலே. ஆனால் 20 ஆண்டில் இடிபட்டால் 80. அதாவது, இருபதாண்டில் இடிக்கப்படும் பசுமை வீட்டை விட அறுபதாண்டு நிற்கும் சாதாரணக் கான்கிரீட் வீடு மேலானது. பொருளைத் தேர்ந்தெடுப்பதில் அறிஞர்கள் அரும்பாடுபட்டுச் சேமித்ததை, ஆயுளைக் குறைப்பதன்மூலம் எளிதில் தொலைத்துவிடலாம்.

ஆயுளைக் குறைப்பது யார் அல்லது எது என்று கேட்டால், பொருளின் தரக்குறைவு ஒரு விடை. ஆஸ்டின் டவுனுக்கு அருகிலுள்ள ஈஜிபுராவில் ஏழைகளுக்கென 1990களின் தொடக்கத்தில் கட்டப்பட்ட மாநகராட்சிக் குடியிருப்பு அதற்குக் கொடிய சான்று. 2007இல் அதன் ஒரு தொகுதி இடிந்து விழுந்தது. மற்றவையும் குடியிருக்கத் தகாதவை என்று முடிவாயிற்று. 2013 ஜனவரியில் அங்கே குடிசை போட்டு வாழ்ந்துவந்த குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அந்தச் சிமென்டுக்கும் எஃகுக்கும் கிடைத்த ஆயுள் இருபது ஆண்டுகூட இல்லை. மலிவாகக் கட்டுவது என்ற பெயரில் நடந்த அந்த வேலையை ஆண்டுக் கணக்கில் வகுத்துப் பார்த்தால் அதைவிட விலை கூடிய கட்டடம் அரிது; அதன் பெரும்பங்கைக் கொடுத்தவர்கள் தெருவில் நின்றவர்கள்.

ஆயினும் ஆஸ்டின் டவுன் போன்ற இடங்களில் வீடுகள் விழுவதை விட இடிக்கப்படுவதே மிகுதி. அங்கே இடிக்கப்படும் பழைய வீட்டின் சுவர் பெரும்பாலும் நல்ல நிலையில்தான் இருக்கிறது. ரெட் ஆக்சைடு தரை தேய்ந்து மெருகேறியிருக்கிறது. தேக்கு நிலைக்கு இன்னும் அரை நூற்றாண்டு ஆயுள் பாக்கியிருக்கிறது. மனையின் விலையோடு ஒப்பிடும்போது அதன்மேல் நிற்கும் ஒற்றைமாடி வீடு கணக்கிலேயே வராத தொகையாகிவிட்டதால் அது இடிகிறது. பாகப்பிரிவினையில் மூன்று பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு மாடி வேண்டும். அதற்குமேல் வாடகைக்கு ஒரு மாடி இருந்தால் வங்கிக் கடன் அடையும். இருபதுக்கு முப்பது அடி மனையில் ஓட்டு வீட்டை வைத்துக்கொள்ளுங்கள் என்று அந்தக் குடும்பத்துக்கு உபதேசம் செய்வது ஆராய்ச்சியாளருக்கு அழகன்று. ஓட்டுக் கூரையின்மேல் மாடி எழுப்ப முடியாது. ஒரே நிலத்தில் நான்கு குடும்பங்கள் வாழ்ந்தால், நகர ஓரத்தில் புதிய மனை, புதிய சாலை, நாள்தோறும் நெடுந்தொலைவுப் பயணம் ஆகியவை தவிர்கின்றன. அந்த மிச்சமும் வாழ்க்கைச் சுழற்சியில் சேர வேண்டியதே. இரண்டு மாடி வீட்டையும் எட்டு மாடிக் கட்டடத்தையும் சதுர மீட்டருக்குச் சதுர மீட்டர் ஒப்பிடுவதிலுள்ள குறை இதுதான்.

மண்கல் சுவரே சுமை தாங்கும்படி மூன்று மாடி கட்டலாம் என்பது பெங்களூருவிலேயே பல வீடுகளில் மெய்ப்பிக்கப்பட்டது. ஆயினும் மேஸ்திரிகள் தூண்கட்டையே விரும்புவதற்குப் பழக்கம் மட்டும் காரணமில்லை. சுமைதாங்கும் சுவருக்கு 230 மில்லிமீட்டர் கனம் வேண்டும். தூணுக்கு நடுவே நிற்கும் சாலிட் பிளாக் சுவருக்கு 150 போதும். இருபதுக்கு முப்பது அடி மனையின் சுற்றளவான நூறு அடிக்கு அந்த 80 மில்லிமீட்டர் வேறுபாட்டைப் பெருக்கினால் மாடிக்கு ஏறத்தாழ 26 சதுர அடி, அதாவது ஒரு சிறிய குளியலறை, காணாமல் போகிறது. வாடகையை நம்பிக் கட்டும் குடும்பம் அந்த 26 சதுர அடியை எளிதில் விட்டுக்கொடுக்காது. பெருமனைகளில் வெற்றி பெற்ற மண்கல் வீடு சிறுமனைகளுக்குள் நுழையத் தயங்குவதன் காரணத்தை இங்கே தேட வேண்டும். ஆய்வகங்கள் மெலிந்த மண்கல்லையும் வலுவூட்டிய மண்கல் சுவரையும் சிறுமனைக்காகவே வடிவமைக்கும்வரை இந்த இடைவெளி அடைபடாது.

இடித்தபின் நடப்பது இன்னொரு கதை. ஆஸ்டின் டவுனில் வீடு இடிக்க வரும் ஒப்பந்தக்காரர் முதலில் கதவு, நிலை, சன்னல், கைமரம், ஓடு ஆகியவற்றைப் பிரித்தெடுத்து விற்கிறார். பின் கம்பியைப் பழைய இரும்புக்குப் போடுகிறார். எஞ்சிய கல்லும் மண்ணும் கலவையும் டிராக்டரில் ஏறி, பள்ளமான மனைக்கோ சாலை ஓரத்துக்கோ ஏரிக்கரைக்கோ போகின்றன. முதல் இரண்டும் செம்மையாக நடப்பதற்குக் காரணம் அவற்றுக்கு வாங்குவோர் இருப்பதே. மூன்றாவதற்கும் வாங்குவோரை உண்டாக்கும் நோக்கத்துடன்தான் 2016இல் கட்டுமான, இடிபாட்டுக் கழிவு மேலாண்மை விதிகள் வந்தன. அதே ஆண்டு திருத்தப்பட்ட ஐஎஸ் 383 தரநிலை, பழைய கான்கிரீட்டை உடைத்தெடுத்த ஜல்லியைச் சாதாரணக் கான்கிரீட்டில் 25 விழுக்காடும், எம்25 தரம்வரையிலான கம்பி கட்டிய கான்கிரீட்டில் 20 விழுக்காடும், மிக மெலிந்த கான்கிரீட்டில் முழுமையாகவும் சேர்க்க அனுமதித்தது. இது வரவேற்கத்தக்கது. எனினும் ஓடு ஓடாகவே இன்னொரு கூரைக்குப் போவதும், கான்கிரீட் நொறுங்கி நடைபாதைக் கல்லின் வயிற்றுக்குள் போவதும் ஒரே தட்டில் வைக்கத்தக்கவை அல்ல. பின்னதில் முன்பு செலவான சிமென்டின் ஆற்றலில் எதுவும் மீள்வதில்லை. மலையில் புதிதாக வெடிவைப்பது மட்டுமே தவிர்கிறது.

2016இன் விதிகள் வகுத்தபடி, நாளொன்றுக்கு 20 டன் அல்லது ஒரு திட்டத்தில் மாதம் 300 டன்னுக்கு மேல் கழிவு உண்டாக்குபவர் அதைக் கான்கிரீட், மண், எஃகு-மரம்-பிளாஸ்டிக், செங்கல்-சாந்து என நான்காகப் பிரித்துத் தர வேண்டியிருந்தது. 2025இல் அறிவிக்கப்பட்டு 2026 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வரும்படி அமைந்த புதிய விதிகள், உற்பத்தியாளரின் நீட்டிக்கப்பட்ட பொறுப்பு என்ற கடமையை 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டும் திட்டங்களின்மேல் சுமத்துகின்றன. பெருந்திட்டங்களுக்கு இவை தேவையானவை. ஆனால் அறுநூறு சதுர அடி மனையில் நின்ற ஒற்றைமாடி வீடு இடிந்தால் அதன் மொத்த எடை 300 டன்னை எட்டாது. அதன்மேல் எழும் நான்கு மாடியும் 20,000 சதுர மீட்டருக்கு அருகில்கூட வராது. ஒவ்வொன்றும் சிறியதாக இருப்பதாலேயே ஆஸ்டின் டவுன், நீலசந்திரா, ஈஜிபுரா, பெங்களூரு வண்ணாரப்பேட்டை ஆகியவற்றில் நடக்கும் மறுகட்டுமானம் பெரும்பாலும் இந்த வாசல்களுக்குக் கீழே புகுந்து போய்விடுகிறது.

ஆகவே செய்யவேண்டியது மாநகராட்சியின் கட்டட உரிமப் படிவத்தில் இருக்கிறது. பெருநகர பெங்களூரு ஆணையத்தின் கீழ் அமைந்த புதிய மாநகராட்சிகள் சிறுமனை உரிமையாளரிடம் சான்றிதழ்களைக் கேட்க வேண்டாம். இரண்டே விவரங்களைக் கேட்கலாம். இடிக்கப்போகும் வீட்டிலிருந்து ஓடு, மரம், கல், கம்பி என எவையெல்லாம் முழுசாக வெளிவரும் என்ற பட்டியல் ஒன்று. கட்டப்போகும் வீட்டின்மேல் பின்னாளில் இன்னொரு மாடி ஏற்றவும், உட்சுவரை மாற்றவும், குழாயையும் வயரையும் சுவரைக் குடையாமல் பழுதுபார்க்கவும் வரைபடத்தில் இடம் விட்டிருக்கிறதா என்பது மற்றொன்று. முதலாவதை நிறைவேற்றுபவருக்கு உரிமக் கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கலாம். வார்டுக்கு ஒரு கிடங்கு ஒதுக்கி, இறக்கிய பொருளை அங்கே சேர்க்க வழி செய்யலாம். இரண்டாவது, பொறியாளர் வரைபடத்தில் கூடுதலாக இடும் சில கோடுகளைத் தவிர வேறு செலவு வைக்காது. ஆனால் அடுத்த தலைமுறை பாகம் பிரிக்கும்போது வீட்டை இடிக்காமல் மாற்றிக்கொள்ள உதவும். பொறியியல் கல்லூரிகளும், மேஸ்திரிகளுக்குப் பயிற்சி அளிக்கும் நிலையங்களும், கடன் தரும் வங்கிகளும் வீட்டின் மதிப்பைச் சதுர அடியால் மட்டும் அளக்காமல் அது நிற்கப்போகும் ஆண்டுகளாலும் அளக்கத் தொடங்க வேண்டும் என்பதே இவ்வுரை முன்வைக்கும் கோரிக்கை.